என் அறையில் பிடித்த இறால்

கல்லடியில் எங்கள் ஒழுங்கை பெரிய தெருவில் தொடங்கி ஆற்றில் போய் முடிகிறது. வாவி என்றுதான் புத்தகத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் கரும்பலகையில் நானும் வாவி என்றே எழுதுவேன். ஆனால் மீன் வாங்கப் போகிறவனுக்கும் கால் கழுவப் போகிறவனுக்கும் அது ஆறு. இந்த ஆற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அதில் மீன் பாடுவதைப் பற்றி எழுதிவிட்டுத்தான் வேறு எதையும் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கரையில் குடியிருக்கிறேன். எனக்குக் கேட்ட பாட்டெல்லாம் கோயில் ஒலிபெருக்கியில் வந்தவை. மீன் விஷயத்தில் எனக்கு வாய்த்தது வேறு அனுபவம்.

எங்கள் ஒழுங்கை என்று எழுதிவிட்டேன். என் மனைவி பார்த்தால் திருத்துவாள். அது அவளுடைய ஒழுங்கை. நான் அதற்குள் வந்து சேர்ந்தவன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவான். பெண்ணைப் பெற்றவர்கள் அதுவரை தாங்கள் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னுக்கு ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு நகர்வார்கள். அடுத்த மகளுக்குக் கலியாணம் வந்தால் அதையும் கொடுத்துவிட்டு இன்னும் பின்னுக்கு. எங்கள் ஒழுங்கையில் பின்னுக்கு என்றால் ஆற்றுப் பக்கம். பெரிய தெருவில் ஒரு பெண்ணின் ஒற்றை வீடாகத் தொடங்கிய குடியிருப்பு இப்படியே ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு வீடு நீண்டு, இப்போது தண்ணீரின் விளிம்பில் வந்து நிற்கிறது. நாடு நகரங்களின் வளர்ச்சியை நான் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். அவையெல்லாம் முன்னேறி வளர்ந்தவை. பின்வாங்கியே வளர்ந்த இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இதில் ஆணுக்கு என்ன இடம் என்று கேட்பீர்கள். நான் பிறந்தது பழுகாமத்தில், ஆற்றுக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் என்பதால் படுவான்கரை என்று சொல்லப்படும் கரையில். பிறந்த வீடு அம்மாவுடையது. அது தங்கச்சிக்குப் போய்விட்டது. வந்த வீடு மனைவியுடையது. அது மகளுக்குப் போக வேண்டியது. இடையில் நான் வாடகை கொடுக்காத வாடகைக்காரன். கூரை ஒழுகினால் ஏறிப் பார்க்கும் உரிமை உண்டு. சுவருக்கு எந்த நிறம் பூசுவது என்று கேட்டால் அபிப்பிராயம் சொல்லலாம். கேட்டால்.

ஆனால் வந்து சேர்ந்த ஆண்களைப் பற்றிப் பேசாமல் ஒழுங்கையின் கதையைச் சொல்லவும் முடியாது. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை விட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலாமவர் தோணிக்காரர். பாலம் வருவதற்கு முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், பட்டினத்திலிருந்து கல்லடிக்குத் தோணியில்தான் வர வேண்டும். அந்தத் துறையில் தண்டு வலித்தவர், துறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த பெண்ணைக் கட்டினார். அவர் கெட்டிக்காரர் என்பதற்கு இது ஒன்றே போதும். துரைமாரையும் அவர்களுடைய குதிரைகளையும் அவர்தான் அக்கரை ஏற்றினாராம். ஒரு முறை குதிரை தோணியில் ஏற மறுத்துவிட்டது. துரை தோணியில் வந்தார், குதிரை பின்னால் நீந்தி வந்தது என்று கதை. இதே கதையில் குதிரை தோணியில் வந்ததாகவும் துரை பின்னால் நீந்தி வந்ததாகவும் இன்னொரு பாடம் இருக்கிறது. என்னுடைய ஆராய்ச்சியின்படி, முதல் பாடம் சுதந்திரத்துக்கு முன்னாலும் இரண்டாவது பின்னாலும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். பாலம் வந்தபோது அவருடைய தொழில் போயிற்று. பாலம் திறந்த அன்று ஊரெல்லாம் வேடிக்கை பார்க்கப் போக, அவர் மட்டும் வீட்டில் படுத்திருந்தாராம். வீடு மனைவியுடையது என்பதால் படுக்க இடமாவது இருந்தது.

அவருடைய மருமகன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மாமனார் வெறுத்த அதே பாலத்தில் குடையும் கோட்டுமாகக் காலையும் மாலையும் நடந்தவர். பெரிய தெருவோரத்து முன் வீட்டை ஓடு போட்டு, பறங்கித் தச்சரைக் கொண்டு கதவு, யன்னல் செய்து, புதிதாகக் கட்டினார். கதிரை, அலுமாரி, யன்னல், விறாந்தை என்று அந்த வீட்டில் இருந்த பொருளெல்லாம் கடல் கடந்து வந்த பெயருடையவை. குடியிருந்தவர்கள் மட்டும் உள்ளூர். விறாந்தையை அவர் வீட்டின் அளவுக்குப் பொருந்தாத அகலத்தில் வைத்தார். என்றைக்காவது ஒருநாள் துரை தேநீர் குடிக்க வருவார் என்று ஓர் எண்ணம். துரை வரவில்லை. பிறகு எல்லாத் துரைமாரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். விறாந்தை நிற்கிறது. என் மனைவியின் அக்கா, அதாவது என் மச்சாள், அதில் மிளகாய் காயப்போடுகிறார்.

கிளாக்கரின் மருமகன் ஓவசியர். தெரு, மதகு, அரசாங்கக் கட்டடம் இவற்றைப் பார்வையிடுவது உத்தியோகம். இவர்தான் என் மாமனார். கடவுளுக்கு அடுத்தபடி சீமெந்தை நம்பியவர். சூறாவளி வந்த வருடம் முன் வீட்டில் சமைக்கிற குசினியின் கூரைத் தகரங்கள் பறந்து போய்விட்டன. பல வருடம் கழித்து எனக்குக் கலியாணம் பேச வந்தபோது, பேச வேறு ஒன்றும் இல்லாமல், அந்தச் சூறாவளியில் பழுகாமத்தில் எங்கள் வட்டைக்குள், வயல் நடுவில், ஒரு தகரம் வந்து விழுந்தது என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "பச்சைப் பெயின்ற் அடிச்சதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்குப் பெண் கிடைத்தது.

மூத்த மகளுக்கு முன் வீட்டைக் கொடுத்தபோது அவர் பின்னால் நகர்ந்து, கிளாக்கர் முதுமையில் இருந்த சிறு வீட்டின் இடத்தில் நடு வீட்டைக் கட்டினார். இளையவளை எனக்குத் தந்தபோது நடு வீட்டை எங்களுக்கு விட்டு, இன்னும் பின்னால் இரண்டு அறையும் குசினியுமாகப் பின் வீட்டைக் கட்டி, மாமியோடு அங்கே போனார். இருவரும் அங்கேயே காலமானார்கள். என் மூத்த மகளுக்குக் கலியாணமானதும் வழக்கப்படி நடு வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் இளைய மகளும் பின் வீட்டுக்கு வந்தோம்.

இப்போது இளையவளுக்குப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பனிச்சங்கேணிப் பக்கம். பட்டினத்தில் வங்கியில் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கனவே பேசி முடித்துவிட்டு, பெரியவர்களைப் பேசச் சொல்லியிருந்தார்கள். எனக்கு எல்லாம் சம்மதம். ஒன்றுதான் பிரச்சினை. பின் வீட்டுக்குப் பின்னால் வீடு இல்லை. சிறிது புல், ஒரு சாய்ந்த தென்னை, அதற்குப் பிறகு ஆறு.

எனக்கு இது பிரச்சினையாகத் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினையின் தொடக்கம். ஐம்பத்தெட்டு வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக, எனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ள நியாயம் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். கொடுக்க இனி மகள் இல்லை. ஆகவே அந்த வீட்டை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஓர் அறை, ஒரு குசினி, மேற்கே பார்த்த ஒரு சின்ன விறாந்தை. அதில் உட்கார்ந்தால் ஆற்றுக்கு அப்பால் நான் பிறந்த கரையில் சூரியன் இறங்குவது தெரியும். ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். பல தலைமுறையாக இந்த ஒழுங்கைக்குள் வந்து சேர்ந்த ஆண்கள் எல்லோருக்கும் சேர்த்து நான் ஒரு வீட்டுக்காரனாக ஆகப் போகிறேன் என்று எனக்குள்ளே ஒரு வீரம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுங்க" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? கட்டுங்க."

ஆற்றங்கரையில் இத்தனை தூரம் அரசாங்கத்துக்குரியது என்று ஒரு சட்டம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் அது தெரியும். அது பக்கத்து வளவுக்குத்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனவே ஆவணி மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து மேசனைக் கூட்டி வந்தேன். மழை பெய்து பல மாதம் ஆகியிருந்தது. ஆறு வற்றி, சாய்ந்த தென்னைக்கு அப்பால் வெகுதூரம் போய், தனக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்பது போலக் கிடந்தது.

"ஆறு ஏறுமா?" என்று மேசனைக் கேட்டேன். பொறுப்பான வீட்டுக்காரன் கேட்க வேண்டிய கேள்வி.

"இது இப்ப பழைய ஆறு இல்ல சேர். வத்திப் போச்சு. பாருங்க, புல்லு முளைச்சிரிக்கி."

எனக்கும் அப்படித்தான் பட்டது. இருவரும் புல்லைப் பார்த்துத் திருப்திப்பட்டோம். சதுப்பு நிலத்தில் எழும்பிய பெரிய நகரங்களைப் பற்றி நான் வாசித்திருந்ததை அவருக்கு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, சீமெந்து எப்போது வரும் என்று கேட்டார்.

ஐப்பசிக்குள் அத்திவாரம் முடிந்து, தரைக்கு மேலே முழங்கால் உயரத்துக்குக் கல் வைத்தாகிவிட்டது. வாசலுக்கும் விறாந்தைக்கும் இடைவெளி விட்டு, அறை இது, குசினி இது என்று நடந்து பார்க்கலாம். நடந்து பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் என் அறையில் போட்டு உட்கார்ந்து பத்திரிகை வாசித்தேன். எதிர்வீட்டுச் சகலன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என் மனைவியின் சின்னம்மா மகளைக் கட்டியவர். என்னைப் போலவே வந்து சேர்ந்தவர்.

"என்ன சகலன், குடி புகுந்தாச்சா?"

"கூரை மட்டும்தான் பாக்கி" என்றேன்.

"வீட்டுக்காரர் எண்டா வீட்டுக்காரர்தான்" என்றார். அதில் பொறாமை இருந்தது என்று அன்றைக்கு நம்பினேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. முதலில் தவளைகள் வந்தன. பிறகு புல் நனைந்தது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு கிடந்தால், மேற்கேயிருந்து வரும் வெள்ளத்துக்குக் கடலுக்குப் போக வழி இருக்காது. முகத்துவாரத்தை வெட்டிவிடும் வரைக்கும் ஆறு கரைக்கு ஏறிக்கொண்டே இருக்கும். இது இங்கே குழந்தைக்கும் தெரியும். படுவான்கரையில் வளர்ந்த எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் வட்டைக்குள் தண்ணீர் ஏறினால் சந்தோஷப்படுவோம். அது வீட்டுக்கும் ஏறும் என்பதை ஆவணி மாதத்து வெயிலில் நினைத்துப் பார்க்கத்தான் தவறிவிட்டது. இத்தனை தலைமுறையாகப் பின்னுக்குப் போய்ப் போய், பின்னுக்கு எப்போதும் இடம் இருக்கும் என்ற நம்பிக்கை இந்த ஒழுங்கையின் காற்றிலேயே கலந்திருக்கிறது. வந்து சேர்ந்தவனுக்கும் அது தொற்றிவிட்டது.

ஒரு காலையில் எழுந்து போய்ப் பார்த்தேன். வாசலுக்கு விட்டிருந்த இடைவெளியால், மரியாதை தெரிந்த விருந்தாளி போல, ஆறு உள்ளே வந்திருந்தது. அறை, குசினி, விறாந்தை என்று எல்லா இடமும் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டது. முகத்துவாரம் வெட்டியதும் கொஞ்சம் இறங்கியது. மறுபடி மழை, மறுபடி ஏற்றம். சுவரின் மேல் வரி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. யாரோ ஆற்றின் மேல் வீட்டுப் படம் கீறி வைத்தது போல இருந்தது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் பல வகை உண்டு. இது எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை.

தை மாதம் மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். மச்சக் கறி எதிர்பார்க்கிறார்கள் என்று அதற்குப் பொருள். எனக்கோ சாப்பாட்டைப் பற்றிய யோசனை இல்லை. வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், பின்னால் வந்து என் வீட்டையும் பார்ப்பார்கள். போக இடமில்லாத ஒரு மாமனாரை யார் விரும்புவார்கள்? வீட்டைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அதே வீட்டில் அசையாமல் இருக்கப் போகிறவன் என்று நினைத்துவிட்டால்? மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என்னைச் சமாதானப்படுத்துவதற்காக, "அப்பா, தண்ணி வத்திரும்" என்றாள். வற்றும். சித்திரைக்குப் பிறகு. விருந்தாளிகள் வருவது நாளைக்கு.

அவர்கள் வருகிற அன்று காலை சகலன் தோளில் வீச்சுவலையோடு வந்து வேலியடியில் நின்றார்.

"சகலன், உங்கட வீட்டுக்குள்ள மீன் நிக்கிது. வீசவா?"

"வீட்டுக்காரரைக் கேட்காமல் வீசலாமா?"

"அதுக்குத்தானே கேக்கிறன்."

எரிச்சலில், வீசுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் என் விறாந்தைச் சுவரில் ஏறி நின்று வீசினார். பிறகு குசினிக்குள் வீசினார். அங்கிருந்தே செய்தி சொன்னார்: "விறாந்தைக்குள்ள சின்ன மணலை மீன்தான். குசினிக்குள்ள ஒண்டுமில்ல. அறைக்குள்ளதான் சகலன் இறால்!" நான் பத்திரிகை வாசித்த மூலையிலிருந்து வலையை இழுத்தார். நீல வாலோடு பெரிய பெரிய இறால். நல்ல அறை.

பாதியை எங்கள் குசினிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரன் பங்கு.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் பெரிய உடம்பும் சிறிய குரலுமான மனிதர். தோணியும் வலையும் வைத்திருந்து, இப்போது கால்வலி வருத்தத்தால் கரையில் இருப்பவர். தாய் மெலிந்த பெண். பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார். மச்சாள் முன் வீட்டிலிருந்து சட்டி பானையோடு வந்து, சமையலையும் உபசாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய குரலுக்கு எங்கள் ஒழுங்கையின் நீளம் காணாது. மூத்த மகளும் நடு வீட்டிலிருந்து வந்து பரிமாறினாள்.

மாப்பிள்ளையின் தகப்பன் இறால் குழம்பை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார். "எங்க சேர் வாங்கின இந்த இறால்? இப்ப சந்தையில இப்பிடி வாறல்லயே."

நான் மகளைப் பார்த்தேன். மகள் மனைவியைப் பார்த்தாள். மனைவி தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள்.

"வாங்கல்ல" என்றார் மச்சாள். "மச்சான்ட அறைக்குள்ள புடிச்ச."

அவருக்கு விளங்கவில்லை. மச்சாள் அகப்பையாலேயே பின் யன்னலைக் காட்டினார். அவர் எச்சில் கையோடு எழுந்து போய் எட்டிப் பார்த்தார். ஆறு. ஆற்றுக்குள் ஓர் அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை. சுவரில் ஒரு கொக்கு. பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது.

"சேர்! எங்கட ஊர்ல இறாலுக்குப் போறதெண்டா தோணி தள்ளணும். நீங்க படுக்கையில கிடந்தே புடிப்பீங்க போல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி இல்லாதபோது நான் நன்றாகச் சிரிப்பேன்.

மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. யன்னலையும் என்னையும் மனைவியையும் பார்த்தார்.

"தங்கச்சி" என்றார் என் மனைவியிடம். "நான் கேக்கிறன் எண்டு குறை நினைக்கப்படாது. வீட்ட மகளுக்குக் குடுக்கிறீங்க, சந்தோசம். நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்க? எங்கட மகன் வந்து பெரிய மனிசர வெளியில விட்டான் எண்டு நாளைக்கு ஒராள் சொல்லப்படாது. இடமொண்டு இல்லயெண்டா, கொஞ்சக் காலம் பொறுத்துச் செய்வம்."

சிரிப்பு நின்றது. பொறுத்துச் செய்வோம் என்பது எங்கள் பக்கத்தில் எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். மகள் குசினி வாசலில் நின்றாள். நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் வற்றும், மண் போட்டு உயர்த்தலாம், பெரிய நகரங்கள் எல்லாம் இப்படித்தான் என்று சொல்ல வந்தேன் என்று நினைக்கிறேன்.

"முன் வீட்டுக்கு வருவாங்க" என்றார் மச்சாள். "என்ட வீட்டுக்கு."

மாப்பிள்ளையின் தாய் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இது பொம்புளப் புள்ளைக்குப் போற வீடு கா" என்று மச்சாள் விளக்கினார். "எனக்குப் பிறந்தது ரெண்டும் பொடியன்கள். ரெண்டு பேரும் கட்டின வீட்டுக்குப் போயிட்டாங்க. அவரும் போய்ச் சேந்திட்டார். அந்தப் பெரிய விறாந்தையில நானும் மிளகாயும்தான் இரிக்கம். தங்கச்சிக்குக் குடுக்காம வேற ஆருக்குக் குடுக்கிற?"

"அப்ப சரி" என்றார் மாப்பிள்ளையின் தாய். உடனே முகம் மலர்ந்து, இன்னும் கொஞ்சம் இறால் கேட்டார். கலியாணம் அந்தக் கரண்டியில் முற்றாகிவிட்டது.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்ததும் அக்கா தங்கை இருவரையும் நிற்கவைத்து விசாரித்தேன். நிற்கவைத்து என்பது எழுத்துக்காக. அவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் நின்றேன்.

"இது எப்ப பேசின?"

"ஆடியில" என்றாள் மனைவி.

"நான் அத்திவாரம் வெட்டினது ஆவணியில!"

"ஓம்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னன். நீங்க கல்லு, மண் விசயமாக் கதைச்சிட்டிருந்தீங்க. அக்கா வரச் சொல்றா எண்டன். நாளைக்குப் போய்ப் பாப்பம் எண்டீங்க. மறுகா நான் சொல்லல்ல. நான் சொல்லி நீங்க எப்ப கேட்ட? தண்ணி சொல்லட்டும் எண்டு விட்டுட்டன்."

"அப்ப கட்டுங்க எண்டு சொன்னது?"

அவள் வெற்றிலையை மென்றாள். "ஆசைப்பட்டீங்களே" என்றாள்.

மச்சாளிடம் திரும்பினேன்.

"மச்சாள், வீடு தங்கச்சிக்கு. எனக்கு?"

"நீங்க தங்கச்சியோட சேந்து வாற சாமான்தானே மச்சான்" என்றார். "ஆனா அந்தப் புத்தக அலுமாரி எல்லாம் உள்ளுக்கு வராது. விறாந்தையில வைங்க. மிளகாய்க்கு வெயில் மறைக்கப்படாது."

இப்படியாக, எனக்கென்று ஒரு வீடு கட்டக் கிளம்பிய நான், மனைவியின் வீட்டிலிருந்து மனைவியின் அக்கா வீட்டுக்குப் பதவி உயர்வு பெற்றேன்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. அடுத்த கிழமை நாங்கள் சாமான் தூக்கினோம். ஒழுங்கையின் இரு பக்கத்து வீட்டிலும் சொந்தக்காரர்கள் வேலியடிக்கு வந்து பார்த்தார்கள். வேடிக்கைக்குக் காரணம் இருந்தது. இந்த ஒழுங்கையில் கட்டில், அலுமாரி, உரல், அம்மி எல்லாம் எப்போதும் தெருவிலிருந்து ஆற்றை நோக்கித்தான் போயிருக்கின்றன. ஆற்றிலிருந்து தெருவை நோக்கி ஒரு குடும்பம் வருவதை யாரும் பார்த்ததில்லை. சகலன் என் அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெதுவாகக் கேட்டார்: "சகலன், எனக்கும் ரெண்டு மகள் இரிக்கி. எனக்கு முன் வீட்டில அக்கா இல்ல. உங்கட அத்திவாரத்த விக்கிற யோசனை இரிக்கா?" விளையாட்டாகக் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பாதி விளையாட்டு. அவருடைய வளவும் ஆற்றில்தான் முடிகிறது.

கிளாக்கர் துரைக்காகக் கட்டிய விறாந்தையில் இப்போது என் புத்தகங்கள் இருக்கின்றன. வெயில் வரும் பாதி மிளகாய்க்கு, வராத பாதி எனக்கு. மச்சாளோடு காலையில் ஒரு சண்டை, பின்னேரம் ஒரு சண்டை. நடுவில் மனைவி எங்கள் இருவருக்கும் சோறு போடுகிறாள். மச்சாள் தனியாக இருந்த காலத்தில் இருந்ததைவிட உரக்கப் பேசுகிறார். அதைச் சந்தோஷம் என்று மனைவி சொல்கிறாள். நான் அதை எல்லாம் காதால் மட்டும் அளக்கிறவன்.

ஆடியில் ஆறு மறுபடி வற்றியது. அத்திவாரம் சேறும் சிப்பியுமாக வெளியே வந்தது. ஒரு கல்லும் அசையவில்லை. மாமனார் இருந்திருந்தால் சீமெந்தைப் பாராட்டியிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைய மருமகன் முன் வீட்டுக்கு வந்து, விறாந்தைப் படியில் நின்று தலையைச் சொறிந்தார். ஊரிலிருந்து தகப்பனுடைய தோணியைக் கொண்டுவந்துவிட்டாராம். பின்னேரத்தில் ஆற்றில் ஒரு சுற்றுப் போய்வர ஆசை.

"மாமா, அந்த அத்திவாரத்தில தோணியக் கட்டலாமா?"

இந்த ஒழுங்கைக்கு வந்து இத்தனை காலத்தில் என்னிடம் ஒருவர் அனுமதி கேட்டது அது இரண்டாவது தரம். முதல் தரம் கேட்டவர் தோளில் வலை இருந்தது.

"கட்டலாம் மகன்" என்றேன். "ஆனா அது என்ட வீடு. வாசலால வரணும்."

நல்ல பிள்ளை. சிரிக்காமல் தோணியை இழுத்து, விட்டிருந்த இடைவெளிக்குள்ளால் கொண்டுவந்து, என் அறைச் சுவரோடு கட்டினார். தோணிக்காரருக்குப் பிறகு இந்த வளவில் தோணி கட்டியது அவர்தான் என்று சொல்லி, குதிரைக் கதையின் எந்தப் பாடம் வேண்டும் என்று கேட்காமலே அவருக்கு இரண்டையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் அங்கே போய் உட்கார்கிறேன். கூரை இல்லை, கதவு இல்லை, ஐப்பசி வரைக்கும்தான் குடியிருக்கலாம். ஆனாலும் இந்த ஒழுங்கையில் எந்த மகளுக்கும் கொடுக்க வேண்டியில்லாத வீடு அது ஒன்றுதான். அக்கரையில் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, முன் வீட்டிலிருந்து மச்சாளின் குரல் நடு வீட்டையும் பின் வீட்டையும் தாண்டி வரும். நேற்றும் வந்தது.

"மச்சான்! தேத்தண்ணி ஆறுது. வீட்டுக்கு வாங்க!"

"வீட்டிலதான் இரிக்கன் மச்சாள்!"

"அப்ப அங்கயே ஊத்திக் குடிங்க!"

திரும்பி என் குசினியைப் பார்த்தேன். அடுப்பு இல்லை. ஒரு நண்டு மட்டும் இருந்தது. எழுந்து தெருப் பக்கம் நடந்தேன்.